கறுப்புக் கோட்டு கேப்டன்

பொறியியல் கல்லூரி விழாக்களில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரே மேடையில் பாட்டுக் கச்சேரி பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தரையில் குப்புறப் படுத்து, உள்ளங்கை அளவு வண்டி ஒன்றின் வயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் திறந்த லேப்டாப், டபுள் சைடு டேப், பாதி கடித்த பப்ஸ். முதுகில் போன வருடத்து ஷாஸ்த்ரா தொழில்நுட்ப விழா டி-ஷர்ட். இவர்தான் லைன் ஃபாலோயர் அணியின் கேப்டன்.

போட்டி என்னவோ கேட்க எளியதுதான். வெள்ளை ஃபிளெக்ஸ் பேனரில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு வளைந்து நெளிந்து போகும். வண்டி அதன்மேல் தானாக ஓடவேண்டும். ரிமோட் கூடாது. கை பட்டால் அபராதம். குறைந்த நேரத்தில் முடித்தவருக்குப் பரிசு. வண்டியின் அடியில் இருக்கும் ஐ.ஆர். சென்சார்கள் தரையில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். திரும்பி வந்ததை, வண்டியின் மூளையான ஆர்டுயினோ பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படித்து, இரண்டு மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்காகக் கேப்டன் தூங்கிப் பல நாளாகிறது.

கேப்டனின் தேசிய கீதம் ஒன்றே: "லேப்ல பர்ஃபெக்டா ஓடுச்சு சார்." சாட்சிக்குக் கைபேசியில் வீடியோ இருக்கும். நடுவரிடம் காட்டுவார். நடுவர் நகர்ந்துவிட்டால் டீ மாஸ்டரிடம் காட்டுவார். அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே தம்பி ஓடுது?" என்பார். கேப்டனைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன்!

வண்டி கோட்டை விட்டு ஓடினால் குற்றவாளி தயார்: வெளிச்சம். நியாயம்தான். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். ஜன்னலோரம் வந்ததும் சென்சாருக்குக் கறுப்பும் வெளுப்பாகத் தெரியும். பளபளக்கும் ஃபிளெக்ஸ் வேறு, கோட்டையே கண்ணாடியாக்கிவிடும். ஆனால் கேப்டன் அதோடு நிறுத்தமாட்டார். ஃபோட்டோ எடுத்த ஜூனியரிடம் பாய்வார்: "ஃபிளாஷ் அடிக்காதடா!" கைபேசியின் எல்.இ.டி. ஃபிளாஷில் அகச்சிவப்பு இருப்பதே அபூர்வம். ஜூனியருக்கு அது தெரியாது. "சாரிண்ணா" என்று பயந்து ஒதுங்குவான்.

வாயைத் திறந்தால், வண்டியை எவ்வளவு திருப்புவது என்று முடிவுசெய்யும் பி.ஐ.டி. கணக்கின் புராணம். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்து எழுதிய கணக்கு அது. மூன்றெழுத்தும் என்னவென்று அறிய இவருடைய அணியைப் பார்த்தாலே போதும். 'பி' கேப்டனேதான்: இந்த நொடியில் எவ்வளவு தப்பு நடக்கிறதோ அவ்வளவு கத்துவார். 'ஐ' பொருளாளர்: முதல் செமஸ்டரிலிருந்து யார் எவ்வளவு பாக்கி என்று கூட்டிக்கொண்டே வருவாள். 'டி' மூலையில் நிற்கும் மெலிந்த பையன்: "மச்சி, இது வெளிய போகப் போகுது" என்று முன்கூட்டியே சொல்லிப் பிரேக் போடுவான். வண்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைக்கவேண்டும்; பல அணிகள் 'ஐ'-க்குச் சுழியத்தையே வைத்துவிடுகின்றன. பழைய பாக்கியைக் கிளறினால் வண்டி ஓடாது என்பது அனுபவ ஞானம்.

உதிரிபாகம் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். "அண்ணே, ரெண்டு மோட்டாரும் ஒரே ஆர்.பி.எம். தானே?" "ஒரே டப்பாவுலேர்ந்துதான் தம்பி எடுத்துத் தர்றேன்." ஒரே டப்பாவில் பிறந்த அந்த இரண்டும் ஒரு நாளும் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. மலிவென்று வாங்கிய எல்298என் மோட்டார் டிரைவரோ, மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தில் இரண்டு வோல்ட் அளவுக்குத் தானே சாப்பிட்டுவிட்டுச் சூடாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் அப்பாவிடம் இதற்கெல்லாம் 'ப்ராஜெக்ட் ஃபீஸ்' என்று பெயர். அம்மா பக்கத்து வீட்டில், "பையன் காலேஜ்ல பொம்மை கார் செய்யறான்" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருப்பார்.

போட்டி நாள். இரவெல்லாம் பேட்டரி இறங்க இறங்க அந்த பி.ஐ.டி. எண்களை டியூன் செய்த கேப்டன், காலையில் அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வருவார். 7.4 வோல்ட் லிப்போ நிரம்பினால் 8.4. அதே எண்கள், அதே வண்டி, ஆனால் புது வேகம். விசில் ஊதியதும் பாயும். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, கைதட்டல். மூன்றாம் வளைவில் கோடு இடப்பக்கம் திரும்ப, வண்டி நேராகப் போய் நடுவரின் ஷூவைத் தொட்டு வணங்கும். ஆசீர்வாதம் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

அன்று ஜெயித்தது, ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த வேறொரு கல்லூரி அணி. அவர்கள் வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனால் முடித்தது. கேப்டன் அதற்கும் விளக்கம் வைத்திருப்பார்: "அவங்க டாப் ஸ்பீடு ரொம்பக் கம்மி மச்சி."

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் வகுப்பில் அறுபது பேர் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதியபோது, அதே தாளில் அரியர் வைத்த இந்த ஆள்தான், ஒரு எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் வண்டி எப்படித் தள்ளாடும் என்று கண்ணால் பார்த்தவர். வேலைக்கு நேர்முகம் எடுக்கும் பெரியவர்களே, இவரிடம் மதிப்பெண் பட்டியலைக் கேட்காதீர்கள். அன்றைக்கு வண்டி ஏன் வெளியே போனது என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்பது நல்லது; பதில் சாயங்காலம் வரை போகும்.