தகடூர் வட்டாரத்து அருவாமனை மழுக்கம்: ஒரு மறுவாசிப்புக்கான முன்னோட்டம்

பழைய தகடூரான இன்றைய தருமபுரி மாவட்டத்து அடுப்படிகளில் அருவாமனை ஏன் மழுங்குகிறது என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஆராயக் கூடாது என்று எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை விதி செய்யவில்லை.

ஆய்வு எல்லை: 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனியாகப் போய்விட்டதால் அங்குள்ள மழுக்கத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

மழுக்கம் நால்வகைப்படும்.

முதலாவது தேய்தல். கேழ்வரகுத் தாளில் மணலின் சாரமான சிலிக்கா இருக்கிறது. அறுக்க அறுக்கக் கருக்கரிவாளின் பல் தேய்ந்து மொண்ணையாகும். பட்டறைக்குக் கொண்டுபோய்க் கருக்கு வெட்டி வாங்க வேண்டும்.

இரண்டாவது மடிதல். மெல்லிய விளிம்பு ஒரு பக்கம் சாயும். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் நிமிரும்.

மூன்றாவது துருவேறல். கழுவித் துடைத்து வைக்கவும் (பாட்டி, தினசரி).

 

நான்காவது சில்லு பெயர்தல். இதற்கு நம்மிடம் சங்க காலச் சான்றே உண்டு. தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது வந்த அவ்வையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு என்று எல்லாம் பளபளத்தன. அவ்வை பார்த்துவிட்டு, எங்கள் மன்னனின் ஆயுதங்கள் முனையும் விளிம்பும் சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூறு, 95ஆம் பாட்டு. நெய் பூசினால் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாது என்பதால் தொண்டைமான் துருவேறலை வென்றவன் என்பது தெளிவு. ஆனால் தகடூர் ஆயுதங்களுக்கு என்ன ஆயிற்று?

1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது முதல், பகைவரைக் குத்தியதால் சிதைந்தன என்றே எல்லோரும் சொல்லி வருகிறார்கள். பாட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது என்பர். மூலத்தைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வது ஆய்வு நெறியாகாது. அவ்வையார் ஒருவரா பலரா என்று எண்ணிக்கொண்டிருந்த அறிஞர்களில் எவரும் அந்தப் பட்டறை வாசலில் புளியங்கொட்டை கிடந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை.

எங்கள் கருதுகோள் இது: அந்தப்புரத்தார் வாளை எடுத்துப் புளி ஆய்ந்தார்கள். மாசி, பங்குனியில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் ஓடு தட்டிச் சதையைக் கீறிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொட்டையில் இடறிய விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும் (பெரியம்மா, திண்ணைப் பேருரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் வசவுகள் நீக்கப்படவில்லை). “புளி ஆஞ்ச அருவாமனையில தக்காளி நறுக்கினா நசுங்காம என்ன பண்ணும்?” என்பது அவரது புகழ்பெற்ற வினா (மேற்படி, ‘தக்காளி நசுங்கல்: ஒரு மறுப்புரை’, அடுப்படித் தொகுதி, கரி படிந்த பக்கம், இதை மறுத்துச் சின்ன அத்தை எழுதாமல் விட்ட கடிதமும், குழாயில் தண்ணீர் வராத நாளில் நடந்த தெருமுனைக் கருத்தரங்கின் கூச்சல் குறிப்பும் ஒப்புநோக்கத்தக்கவை).

புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் குறுக்கிடுவர். அது எப்போது இங்கே வந்தது என்ற கேள்வி எங்கள் முடிவுக்கு இடைஞ்சலாக இருப்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறது.

கொல்லரின் தரப்பையும் கேட்டோம். உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும், கூடவே நொறுங்கும் குணமும் வரும். அதை இளஞ்சூட்டில் மறுபடி வாட்டிச் சற்றுத் தணிக்க வேண்டும். தணித்தது போதாவிட்டால் சில்லு பெயரும், மிஞ்சினால் சீக்கிரம் மழுங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கொல்லரின் கண். இதற்கு மேற்கோள் கிடைக்காததால் அடைப்புக்குறி இல்லாமலே விடுகிறோம்.

கடைசியாகச் சாணை. மோட்டார்ச் சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தினால் விளிம்பு நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த உருக்கு பதம் இழந்தது. வாங்கிய கூர் நாலு நாள் நிற்காது. நனைத்து நனைத்து மெதுவாகப் பிடிக்க வேண்டும். இதை விளக்கிய சாணைக்காரர் முனைவர் பட்டம் பெறாதவர் என்பதால் இணையாசிரியராகச் சேர்க்கப்படவில்லை. கூலி கொடுத்தாயிற்று, பேரம் பேசி.