ஒரு ‘டொக்’குக்கு ஊரெல்லாம் வைத்தியர்

அம்பாசடரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்பது பழைய ஜோக். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-இல் அந்தக் காரின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சத்தத்தை நிறுத்தத்தான் இன்னும் ஆள் வரவில்லை.

கியர் மாற்றி கிளட்சை விட்டதும் அடியில் ‘டொக்’ என்கிறதா? தெருவே டாக்டராகிவிடும். டீக்கடைக்காரர் “கியர்பாக்ஸ் போச்சு சார்” என்பார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் கிளட்ச் பிளேட் என்று தீர்ப்பெழுதுவார். மைத்துனர், “வித்துத் தொலைங்க அத்தான்” என்பார். பட்டறையிலோ எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிய பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

குனிந்து பார்க்க மட்டும் யாருக்கும் மனசு வராது, வேட்டி அழுக்காகிவிடுமே! இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டை இரு பக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். லொடலொடவென்று ஆடினால், கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால், குற்றவாளி அதுதான். கிரீஸையே காணாமல் உள்ளே ஊசி பேரிங் தேய்ந்துபோயிருக்கும். ஜாயிண்ட் கெட்டியாக இருந்தால் இன்ஜின் மவுன்டிங், லீஃப் ஸ்பிரிங்கின் யு-போல்ட், டிஃபரன்ஷியல் என்று வரிசையாகப் பாருங்கள்.

செலவு குறைந்த சந்தேகத்திலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். கியர்பாக்ஸைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். குனியாமலே யோசனை சொல்பவரை முதலில் சந்தேகப்படுங்கள்.