தானியங்கிக் காரில் முடுக்கம் பெறும் முறைமை: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை: வடக்கே பல்லாவரம் மேம்பாலம், தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம், கிழக்கே கேம்ப் ரோடு, மேற்கே முடிச்சூர். கருதுகோள்: “வண்டி இழுக்கவே மாட்டேங்குது.” இது ஆய்வாளரின் சொந்தச் சரக்கன்று, இவ்வெல்லைக்குள் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர் யாரைக் கேட்டாலும் கிடைப்பது. முதன்மைச் சான்று, காரோடு தரப்படும் கையேடு. அது டேஷ்போர்டுக்குள், இன்ஷூரன்ஸ் பேப்பருக்கும் குங்குமப் பொட்டலத்துக்கும் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கண்டெடுக்கப்பட்டது. மூலநூலைப் பிரிக்காமலே அதற்கு இத்தனை உரைகள் எழுந்தது எப்படி என்று வியப்பவர் நம் ஆய்வுலகுக்குப் புதியவராக இருக்க வேண்டும்.

காலம். எந்தப் பொருளையும் கடல்கொண்ட நிலத்துக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும் என்பது மரபு. ஈண்டு அது இயலவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ‘ஹைட்ராமேட்டிக்’ கியர்பெட்டியை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொடுத்தது. நம் நடுத்தர வர்க்கம் தைரியமாகத் தொட்டுப் பார்க்கும் விலையில் ஆட்டோமேட்டிக் வந்தது 2014இல், மாருதி செலேரியோவில், ஏஎம்டி உருவில். இடையில் ஒன்றிரண்டு ஆட்டோமேட்டிக் மாடல்கள் தலைகாட்டின. விலையும் மைலேஜும் விரட்டிவிட்டன. இந்த 75 ஆண்டு இருண்ட காலத்துக்கும் களப்பிரரே காரணம் என்று ஒரு சாரார் கூறுவர் (முடிச்சூர் உரை, பக். 3).

இனி வகை. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை மட்டும் ஓர் இயந்திரக் கை பார்த்துக்கொள்கிறது. கியர் மாறும்போது கிளட்ச் விலகும், இழுவை அறும், உள்ளிருப்போர் அனைவரின் தலையும் ஒருசேர முன்போய்ப் பின்வரும். இதை வண்டியின் பணிவு என்பர் செலையூரார், கோளாறு என்பர் முடிச்சூரார் (செலையூர் உரை, பக். 11; அதை மறுத்து முடிச்சூர் உரை, பக். 12, இருவரும் ஒரே டீக்கடை). கியர் மாறப்போகும் கணத்தில் காலைச் சற்றே தளர்த்தினால் தலையாட்டம் குறையும் என்பது இரு உரையிலும் இல்லை, ஆனால் உண்மை. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. கிளம்பும் நேரத்தில் முறுக்குவிசையை ஏறக்குறைய இரு மடங்காக்கியும் தருகிறது. சிவிடியில் படிகளே இல்லை, இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை. அழுத்தினால் முதலில் எஞ்சின் கத்தும், பிறகு வண்டி யோசிக்கும். இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருப்போர் இ.எம்.ஐ. பற்றி மட்டுமே பேசுவதால் தரவு கிட்டவில்லை.

மூலநூல் சொல்வது என்ன? உறையைப் பிரித்துப் படித்ததில் தெரியவந்தது: ‘டி’யில் போட்டுவிட்டால் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று வண்டி சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடுகிறது. எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே உருண்டுகொண்டிருக்கிறது. சின்ன பெட்ரோல் எஞ்சினின் முழு பலம் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெடலைத் தரைவரை ஒரே மிதியாக மிதித்தால், கியர்பெட்டி ஒன்றிரண்டு படி இறங்கி எஞ்சினை அங்கே கொண்டுபோகிறது. கிக்டவுன் என்பது இதுவே. ஸ்போர்ட் மோடு இருந்தால் மேல் கியருக்குப் போவதைத் தள்ளிப்போடும். மேனுவல் மோடு இருந்தால் முந்துவதற்கு முன்பே நாமே ஒரு கியர் குறைத்துக்கொள்ளலாம்.

விஷயம் இவ்வளவுதான். இத்தோடு முடித்தால் இது அரைப்பக்கக் குறிப்பு; பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆகவே ஏசி அணைப்புக் கோட்பாட்டுக்குள் புகுவோம்.

மேம்பாலம் கண்ணில் பட்டதும் ஏசியை அணைத்தல் என்னும் சடங்கு இவ்வட்டாரத்தில் தலைமுறை தாண்டி வருகிறது. இதன் தோற்றம் ஐயத்துக்கு இடமற்றது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு எஞ்சின் 796 சிசி. ஏசி கம்ப்ரசர் அந்த எஞ்சினின் பெல்ட்டிலேயே சுற்றும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு மேட்டில் ஏறினால் அந்தக் குட்டி எஞ்சின் மூச்சு வாங்கும். அணைத்தால் வண்டி துள்ளும். அன்று அது அறிவியல். இன்றைய பல வண்டிகளில் பெடலை முழுதாக மிதித்தாலே எஞ்சின் கணினி கம்ப்ரசரைச் சில நொடிக்குத் தானே விடுவித்துவிடுகிறது. அதாவது, கணினி முன்பே அணைத்ததைக் குடும்பத் தலைவர் மறுபடியும் அணைக்கிறார். காரணம் போன பின்னும் காரியம் நிற்பது கண்டு மானிடவியலார் மகிழ்வர்.

பாடபேதங்கள் உண்டு. குரோம்பேட்டைப் பாடம்: “ஏசியை ஆஃப் பண்ணு.” பம்மல் பாடம்: “ஏசியை ஆஃப் பண்ணித் தொலை.” ஈற்றில் வரும் ‘தொலை’ இடைச்செருகல் என்று சானடோரியம் பதிப்பு நீக்கிவிட்டது. நீக்கியது தவறு. என்னை? பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் சூழலில் ‘தொலை’ இன்றி அவ்வாக்கியம் இயற்கையாக முடிவதில்லை. களத்தில் பதிவு செய்த உரையாடல் ஒன்று மூலவடிவத்துக்கு மிக நெருங்கியது எனலாம்:

“மாப்ளே, பாலம் வருது, ஏசிய அணைங்க.”

“அது தானா அணைஞ்சுக்கும் மாமா.”

“தானா அணையறதுக்கு இது என்ன நம்ம வீட்டுக் கரண்டா?”

மாமனார் கை நீண்டு, விசையைத் திருகிற்று. திருகியது ஏசி அன்று, ஃபேன். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, காற்று மட்டும் குறைந்தது. பாலம் ஏறி முடிந்ததும் அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, “பாத்தியா, எப்படி இழுத்துது!” என்றார் (இடதுமுன்சீட்டார், ‘மேம்பாலச் சருக்கம்’, தாம்பரம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிகழ்த்திய வாய்மொழி உரை, கேட்டவர் மருமகன், கேட்டதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை).

அணைத்ததை மறுபடி எப்போது போடுவது என்பதில் உரைகாரர் மூவகைப்படுவர். இறக்கத்தில் போடுக என்பது முதற் பிரிவு. அடுத்த சிக்னலில் போடுக என்பது இரண்டாவது. மூன்றாவதான மறதிப் பிரிவே எண்ணிக்கையில் பெரிது, வண்டலூர் உயிரியல் பூங்கா தாண்டி, பின்சீட்டில் குழந்தை வியர்த்து அழுத பிறகே போடுவர் (பின்சீட்டார், ‘ஏறியது முதல் இறங்குவது வரை’, நான்காம் தொகுதி, குழந்தை அழுகைக்கு முற்பட்ட பகுதி மட்டும், மற்றது சிதைந்துபோயிற்று, எஞ்சிய ஏடு பழைய பேப்பர்க் கடைக்குப் போனதாக ஐதீகம்).

பிற முறைகள். ஸ்டீயரிங்கின் மேல் முன்னோக்கிச் சாய்தல்: பயனில்லை, ஆனால் எல்லோரும் செய்கிறோம். நியூட்ரலில் ரேஸ் கொடுத்து ‘டி’க்குத் தள்ளுதல்: கியர்பெட்டிக்குக் கொள்ளி. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர மிதித்துக் கிளம்புதல்: எண்ணெய் கொதிக்கும், செய்வோர் வாரண்டி விதிகளை முதலில் படிக்க. டயர் காற்று, ஏர் ஃபில்டர் இரண்டையும் கவனித்தல்: பலன் தரும் என்பதால் ஆய்வாளர் யாரும் சீண்டுவதில்லை. எடை குறைத்தல்: நியூட்டன் 1687இல் அச்சிட்ட நூலின்படி நிறை குறைந்தால் முடுக்கம் கூடும், யாரை இறக்கிவிடுவது என்பது குடும்ப விவகாரம், ஆய்வறம் கருதி விடப்பட்டது.

களச் சிக்கல் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே இடைவெளி ஒன்று தென்பட்டு, பெடலை மிதித்து, கியர் இறங்கி, வண்டி கிளம்புவதற்குள் அந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேனுவல் கியர் என்பது குறிப்பிடத்தக்கது. கிக்டவுன் மெய்யாகவே உயிர்காக்கும் இடம் பெருங்களத்தூரில் புழல் பக்கம் போகும் பைபாஸ் ஏறும் வழி. வலப்பக்கம் லாரிகள் வரிசையாக வரும்; காலால் பெடலைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்வது ஆபத்து. சாய்வழி முடியும் முன்பே ஒரு கியர் இறக்கி, கண்ணாடி பார்த்து, முழுதாக மிதித்து, லாரியின் வேகத்துக்கு வந்து நுழைய வேண்டும். இப்பகுதியை நீக்கினால் கட்டுரையை ஏற்கலாம் என்றார் மதிப்பீட்டாளர் ஒருவர். பயன்பாட்டு வாடை அடிக்கிறதாம்.

இக்கட்டுரை பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. பன்னாடு என்றது, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அமைப்பாளரின் சித்தப்பா மகன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தமையின். கட்டணம் செலுத்திய அனைவரின் கட்டுரையும் படிக்கப்படாமலே தேர்வாகி, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுதியாக வெளிவந்துள்ளது. அதில் இக்கட்டுரையின் நடுப்பக்கம் இரண்டும் வேறொருவரின் ‘நெய்தல் திணையில் மீன்கள்’ கட்டுரைக்குள் போயிருக்கின்றன. இதுவரை அவருக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. கேள்வி நேரத்தில் எழுந்தது ஒரே கேள்வி: மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது? ஆய்வாளர் வாய் திறப்பதற்குள் தலைவர் மணி அடித்துவிட்டார். வெளியே சாம்பார் சாதப் பொட்டலமும் சான்றிதழும் ஒரே வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.