குக்கர் விசிலுக்கு முன் ஒரு டேக்

கேள்வி: டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்தி அரை மணி நேரம் பேசினேன். டிராக்கில் ஒன்றுமே இல்லை. என் குரலை யார் தின்றது? (தேனி வாசகி)

பதில்: யாரும் தின்னவில்லை. மைக்கையும் டிராக்கையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க விட்டுப்போய்விட்டது. ஃபேர்லைட் பக்கத்துக்குப் போய், மேலே ஃபேர்லைட் மெனுவில் ‘பேட்ச் இன்புட்/அவுட்புட்’டைத் திறங்கள். இடப்பக்கம் மைக், வலப்பக்கம் டிராக். இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘பேட்ச்’ கொடுக்க வேண்டும். பிறகு டிராக்கின் தலைப்பில் உள்ள ‘ஆர்’ எழுத்தைத் தட்டுங்கள். அது சிவந்தால்தான் டிராக் காது கொடுக்கும். பெரிய சிவப்புப் பொத்தானின் முறை அதற்கப்புறம்தான்.

அந்த டிராக் ‘மோனோ’வாக இருக்கட்டும். ஸ்டீரியோ டிராக்கில் ஒற்றை மைக்கைப் பதிந்துவிட்டு, ஒரு காதில் மட்டும் கேட்கிறதே என்று தவிப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்டால் தேனாக இருக்கிறது. என் குரல் மட்டும் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது? (கரூர் வாசகர்)

பதில்: மைக்கைத் திறந்ததுமே பெரும்பாலான ஹெட்செட்கள் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அதில் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள்தான். வீடியோவுக்கு வழக்கம் 48,000. ‘ச’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மையெல்லாம் அங்கேயே போய்விடுகிறது. ஒயர் வைத்த மைக்குக்கு மாறுங்கள். கேட்பதற்கும் ஒயர் ஹெட்போன்தான். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் படத்தின் சத்தமும் மைக்கில் ஏறிக்கொள்ளும்.

கேள்வி: மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் குரலில் கம்பீரம் வரும் என்கிறான் நண்பன். (திருச்சி வாசகர்)

பதில்: நண்பரின் ஆசை பெரிது, மீட்டரில் இடம் சிறிது. டிஜிட்டல் மீட்டரின் உச்சி 0 டெசிபல். வழக்கமான 16, 24 பிட் பதிவில் அதைத் தாண்டும் அலை அப்படியே வெட்டுப்படும். டைம்லைனைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அலையின் முகடு மழித்த தலைபோலத் தட்டையாக இருக்கும். அந்த முடி திரும்ப வளராது. உரத்த சொல் -12ஐ ஒட்டி வந்தால் போதும், சத்தத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: படம் போனில், குரல் தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் பொருந்திய உதடு பத்து நிமிடத்தில் விலகிப்போகிறது. (யாழ்ப்பாண வாசகி)

பதில்: பல போன்கள் விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ரெக்கார்டரோ சீராக நடக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் படத்தைக் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’டுக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். அடுத்த முறை பதிவு ஓடத் தொடங்கியதும் கேமரா முன் கையை ஓங்கி ஒருமுறை தட்டுங்கள். அலையில் ஊசிபோல் ஒரு முனை எழும்பும். உள்ளங்கைகள் சேரும் ஃப்ரேமுக்கு நேராக அதை நிறுத்தினால் வேலை முடிந்தது.

முழுதாகப் பொருந்தாவிட்டால், குரல் முந்துவதைவிடப் பிந்துவது மேல். ஆற்றங்கரையில் தூரத்தில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பாருங்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். அது பழகிய காது நமக்கு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கும் இதையே காட்டுகிறது: ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது.

கேள்வி: வீட்டில் ஸ்டூடியோ கிடையாது. மின்விசிறி, மிக்ஸி, கீரைக்காரர். எங்கே உட்கார்ந்து பேச? (மதுரை வாசகி)

பதில்: துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்காருங்கள். தொங்கும் புடவைகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். முதுகுப் பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். விசிறியை நிறுத்துங்கள், பத்து நிமிட வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம், விசிறியின் இரைச்சலைக் குரலிலிருந்து அவ்வளவு சுலபமாகத் துடைக்க முடியாது. குக்கர் அடுப்பில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பேசி முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், 30 விநாடி அசையாமல் அந்த அறையின் மௌனத்தையும் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு இருமலை வெட்டி எடுக்கிற இடத்தில் ஒட்டுப்போட அது வேண்டும்.