கடைசியில் வருபவரே தலைவர்

காட்டுப் பாதையில் கும்பலாக நடக்கப் போகிறவர்கள் வரிசையில் முதல் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். பஸ் சீட்டுக்குத் துண்டு போட்டுப் பழகிய கை, மலையடிவாரத்திலும் சும்மா இருப்பதில்லை. வழிகாட்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடந்தால்தான் கட்டிய பணம் செரிக்கும் என்று ஒரு நம்பிக்கை. என் கட்சி வேறு. இந்த நடையில் உண்மையான தலைவர், எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க வருகிறாரே, அவர்தான். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்துக்கல்லவா போட்டி போட வேண்டும்!

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குப் போட்டார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். மலை நடைக்காரர்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை. ஆனால் மனிதர் மலையை அளந்தாரே தவிர, ஆட்களை அளக்கவில்லை. வளைவுக்கு வளைவு செல்ஃபி, அவிழ்ந்த ஷூ லேஸ், “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்ற கேள்வி, “இதோ, பக்கத்துலதான்” என்ற பச்சைப் பொய் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்ற ஒரே விதி வந்ததும், குழு உச்சிக்குப் போய்ச் சேரும் நேரம் கடைசி ஆளின் கால்களுக்குள் போய்விடுகிறது. முன்னால் ஓடியவர் பாறையில் உட்கார்ந்து கொசு அடிக்கலாம். அடுத்து 2030-ல் பூக்கவேண்டிய நீலக்குறிஞ்சி அவருக்காக முந்திக்கொண்டு பூக்கப்போவதில்லை.

மெதுவாகப் போனால் மிருகங்களைப் பார்க்க முடியாதே என்பார்கள். வேகமாகப் போனால் மட்டும் என்ன கிடைக்கிறது? சோலைக்குள் முதல் ஆள் காலடி வைத்ததுமே கருமந்தி குரல் கொடுத்துவிடும்; காடு முழுக்கச் சேதி போய்விடும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிருகம் விட்டுப்போன விலாசம் மட்டுமே. வழிகாட்டி குந்தி உட்கார்ந்து, யானை லத்தியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கிறார். குச்சியால் பிரிக்கிறார், உள்ளே மென்று துப்பியதுபோல மூங்கில் நார். சூடு ஆறியிருந்தால் அவர் முகமும் இளகுகிறது, ஆறாவிட்டால் எல்லோருக்கும் வாயை மூடச் சொல்லிச் சைகை. முன்னால் பாய்ந்தவர் இதைத் தாண்டிக் குதித்திருப்பார், அல்லது மிதித்திருப்பார்.

அட்டை விஷயத்தில் எதிர்க்கட்சிக்குக் கொஞ்சம் பலம் உண்டு. ஈரச் சருகில் பின்முனையை ஊன்றிக்கொண்டு, முன்முனையைத் தூக்கி இப்படியும் அப்படியும் துழாவும் அந்த நூல், முதல் ஆளின் காலதிர்வில் விழித்துப் பின்னால் வருபவரைப் பிடிக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பாதைக்குக் குறுக்கே கட்டிய சிலந்தி வலைகள் அத்தனையையும் முகத்தால் துடைத்துத் தருபவர் முதல் ஆள்தானே?

வழிகாட்டியே எதற்கு, காடு என்ன கல்யாண மண்டபமா, அனுமதி வாங்கி நுழைய என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது அதன் பிறகுதான். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தரம் பிரித்துத் திறந்தபோது, அந்தந்த மலைக்காரர்களையும் பழங்குடியினரையுமே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். தீ எரியும் மாதங்களில் பாதையை மூடவும் செய்கிறார்கள். அந்த மலையிலேயே வளர்ந்தவர் தன் இயல்பான நடையில் போனால், அவர் சட்டை நிறம்கூட நம் கண்ணில் தங்காது. அவர் நின்று நின்று திரும்பிப் பார்ப்பது நம் கடைசி ஆளைத்தான்.

என் வாதத்தில் ஓட்டை ஒன்று உண்டு. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கால் நீட்டிக் காத்திருப்பார்கள், கடைசி ஆள் தலை தெரிந்ததும், “வந்தாச்சா? சரி, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைப்பதில்லை. நியாயம் பேசி இதைத் தீர்க்க முடியாது. புளியோதரைப் பொட்டலங்கள் மொத்தத்தையும் கடைசி ஆளின் பையில் வைத்துவிட வேண்டும். சுமை கூடும்தான், ஆனால் அவர் உட்காரும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.