ஏழாவது ஆட்டத்தில் வல்வில் ஓரி

மாண்ட்ரியால்
அக்டோபர் மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

மிளகுப் பொட்டலம் வந்து சேர்ந்தது. அத்தைகிட்ட சொல்லிடுங்க.

சாயங்காலத்துல என்னடா பண்றேன்னு போன்ல கேட்டீங்க. சொன்னா சிரிப்பீங்க. நடக்காத ஒரு ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறேன்.

ஓட்டல்ல என்கூடப் பாத்திரம் கழுவுற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அக்டோபர் பிறந்தா போதும், கடை சாத்தினதும் பெரிய மேஜையைத் துடைச்சு பேஸ்பால் ஆளுங்களை நிறுத்த ஆரம்பிச்சிடுவார். உப்பு டப்பா பெட்ரோ மார்ட்டினஸ், பந்து எறியறவர். தக்காளி சாஸ் பாட்டில் லாரி வாக்கர். கடுகு பாட்டில் எல்லாம் யாங்கீஸ் ஆளுங்க, அவங்களைக் கண்டாலே இவருக்கு எரியும்.

பேஸ்பால்ல பந்து குத்தி எழும்பாது, நேரா வரும். உருட்டுக் கட்டையால அடிச்சிட்டு, கட்டையை அங்கேயே போட்டுட்டு ஓடணும். கிரிக்கெட்ல நம்ம ஆளுங்க மட்டையையும் தூக்கிட்டு ஓடுறதை டிவியில காட்டினேன். "அதை யாரு திருடிட்டுப் போகப் போறா?"ன்னு கேட்கிறார்.

1994 ஆகஸ்ட்ல இந்த ஊர் எக்ஸ்போஸ் 74 ஜெயிச்சு 40 தோத்து, 28 டீம்லயும் முதல்ல நின்னாங்களாம். மேனேஜர் ஃபெலிப்பே அலூ, அவர் மகன் மொய்சஸ் டீம்ல. சிபாரிசுன்னு நினைக்காதீங்க, பையன் அந்த வருஷம் சராசரி .339 அடிச்சிருக்கார். அந்தப் பக்கம் நியூயார்க் யாங்கீஸ் 70-43. அதுல டான் மேட்டிங்லின்னு ஒருத்தர். 1982-ல வந்தார், 1995-ல போனார். அந்த டீம் வேர்ல்ட் சீரிஸ்ங்கிற இறுதிப் போட்டி ஆடினது 1981-லயும் 1996-லயும், நடுவுல இல்லை. மனுஷன் ஜாதகம் அப்படி. எதிரி டீம்தான், ஆனா இவர் பேச்சு வந்தா மட்டும் பெரியவர் குரல் இறங்கிடும்.

முதலாளிங்க சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்க, ஆட்டக்காரங்க ஆகஸ்ட் 12-ல வேலைநிறுத்தம். செப்டம்பர் 14-ல வேர்ல்ட் சீரிஸே ரத்து. ரெண்டு உலகப் போருக்கும் நிக்காத ஆட்டம், மாமா! அடுத்த வருஷமே எக்ஸ்போஸ் நல்ல ஆளுங்க சிலரைக் கைவிட்டு, 2004-ஓட ஊரையே காலி பண்ணி வாஷிங்டன் போயிட்டாங்க.

ரத்தான அந்த சீரிஸைத்தான் பெரியவர் மேஜையில ஆடுறார். ரெண்டு டீமும் கடைசி வரை வந்திருக்கும்னு என்ன நிச்சயம்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

மேஜையில மாண்ட்ரியால் வருஷா வருஷம் ஜெயிக்கும், ஆனா எப்பவும் 4-3. "உங்க மேஜை, உங்க உப்பு டப்பா, 4-0 வச்சுக்கக் கூடாதா?"ன்னேன். "அப்புறம் யாரு நம்புவா?"ங்கிறார்.

நேத்து ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். பெட்ரோவுக்குத் தோள் வலின்னு அவரே ஒரு சிக்கலைக் கிளப்பிட்டுத் தலையில கை வச்சு உக்காந்துட்டார். பாவமா இருந்துச்சு. செம்மேட்டுல குதிரை மேல இருக்கிற நம்ம ஓரி சிலையை போன்ல எடுத்துக் காட்டினேன். ஒரே அம்பு, யானையில புகுந்து புலி, மான், பன்றின்னு போய் புத்துல இருந்த உடும்புல நின்னுச்சுன்னு புறநானூறு சொல்றதைச் சொன்னேன். கொல்லிமலைக்கே ராஜா, இவரை இறக்குங்கன்னேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, படத்தைப் பெரிசாக்கி, அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார்:

"ஆளு யூனியன்ல இல்லையே?"

இப்படிக்கு,
உங்க மருமகன்