முப்பத்திரண்டும் அறுபத்துநான்கும்: திருவரங்கத்தில் ஒரு லிங்கர் விசாரம்

ஃபோர்ட்ரானும் சி-யும் கலந்த புரோகிராமை பில்டு செய்யும்போது லிங்கர் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதை ஆராய, திருவரங்கத்தை விடத் தகுந்த களம் பூவுலகில் இல்லை என்பது நம் கருதுகோள். மறுப்பவர்கள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வந்து வாதிடலாம்.

இரண்டு மொழி கலந்தாலே வம்புதான் என்பார்கள். தப்பு. நம்பிள்ளை இவ்வூரில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினாரே, அந்த ஈடு முழுக்க மணிப்பிரவாளம். தமிழும் வடமொழியும் ஒரே வாக்கியத்தில் தோளுரசும். ஆனால் அளவு ஒன்றே: ஒற்று நீங்கலாக 32 எழுத்து ஒரு படி. 36,000 படி, அதாவது 11,52,000 எழுத்து. தமிழுக்கு ஒரு படி, வடசொல்லுக்கு வேறு படி என்று அளந்திருந்தால் ஈடு இன்றுவரை லிங்க் ஆகியிருக்காது.

இங்கிருந்து சற்றுத் தள்ளி, துவாக்குடியில் 1964-ல் பொறியியல் கல்லூரி வந்தபோது ஃபோர்ட்ரானுக்கு ஏழு வயது. சி பிறக்கவே இல்லை. ஆகவே பழைய கணக்கு ஃபோர்ட்ரானிலும் புதிய ஒட்டு சி-யிலும் இருப்பது இயல்பு. வினை மேக்ஃபைலில் இருக்கிறது. சி-க்கு சிஃப்ளாக்ஸ், ஃபோர்ட்ரானுக்கு எஃப்ஃப்ளாக்ஸ். ஆய்வு மாணவர் முன்னதில் 'மைனஸ் எம்32' போடுவார், பின்னதை மறப்பார். இரண்டும் தனித்தனியே சமர்த்தாக கம்பைல் ஆகும். கடைசியில் லிங்கர் கைவிரிக்கும். ஆப்ஜெக்ட் ஃபைல்கள் மேல் 'ஃபைல்' கமாண்டை ஓட்டினால் ஒன்று 'எல்ஃப் 32-பிட்' என்னும், பக்கத்திலிருப்பது 'எல்ஃப் 64-பிட்' என்னும். பாயிண்டர் ஒன்றில் 4 பைட், மற்றதில் 8.

லிங்கர் கத்தினால் பாக்கியம் என்றே சொல்வேன். ஜிஃபோர்ட்ரானுக்கு மட்டும் இன்டீஜரை 8 பைட்டாக்கும் ஃப்ளாகைக் கொடுத்துப் பாருங்கள். லிங்கர் பார்ப்பது பெயரைத்தான். வால்பக்கம் அண்டர்ஸ்கோர் சரியாக இருந்தால் சேர்த்துவிடும். சி கொடுத்த 4 பைட்டோடு அடுத்த வீட்டு 4 பைட்டையும் சேர்த்து வாசித்துவிட்டு, ஃபோர்ட்ரான் கோடிக்கணக்கில் ஒரு விடை சொல்லும். அதையும் தீசிஸில் போட்டு வைவா முடித்தவர்கள் இருக்கக்கூடும். ஆய்வாளன் அதைத் தோண்டப் போவதில்லை.

வைணவம்போல, பரிகாரத்திலும் இரு கலை உண்டு. வடகலையார் மர்க்கட நியாயம்: குட்டிக் குரங்குபோல ஒவ்வொரு ஃப்ளாகையும் நாமேதான் இறுகப் பிடிக்க வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம்: மேக்ஃபைலைத் தானே எழுதித்தரும் சிமேக் என்னும் பூனை கவ்விக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். ஊர் தென்கலை என்பதால் அடியேனுக்கும் பூனைப் பக்கமே மனம். ஆனால் 2020-ல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறியபின் அதே பூனை, சி கம்பைலரை ஆர்ம் வாசலிலும், ஜிஃபோர்ட்ரானைப் பழைய இன்டெல் ஃபோல்டரிலும் கவ்வி வந்த சம்பவங்கள் உண்டு. சரணாகதி செய்தபிறகும் லாகை ஒருமுறை படிக்கலாம், பாபமில்லை.

ஃப்ளாகைத் திருத்தியும் அதே பிழை வருகிறதா? மேக் பார்ப்பது ஃபைலின் நேரத்தை, ஃப்ளாகை அல்ல. பழைய ஆப்ஜெக்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். 'மேக் கிளீன்' அடிக்க வேண்டும். பதினெட்டு பேதம் பேசும் இரு கலையாருக்கும் இதில் மட்டும் பேதமில்லை.